ஆறு கட்டம்

அப்டேட் முடிந்த காலையில்
ஸுக்தீதி பேருந்து நிலையப் பலகையில்
ஊர்கள் இல்லை.
நேரம் இருந்தது: ஏழரை, எட்டு, எட்டரை.
கட்டணம் இருந்தது.
பெயர் இருந்த இடத்தில் மட்டும்
வரிசையாக வெற்றுக் கட்டங்கள்.

பலகை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்.
சுவரில் ஒரு பழைய டிவி.
டிக்கெட் மேஜைக்கு அடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில்,
கீல் உடைந்த லேப்டாப்.
விண்டோஸுக்குக் காசு இல்லை என்றதும்
லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் ஸ்வியாத்.
இப்போது போலந்தில் கோழி வெட்டுகிறான்.
பாஸ்வேர்டை அடிப்புறத்தில்
பிளாஸ்திரி ஒட்டி எழுதிவிட்டுப் போனான்.

எங்கள் ஜார்ஜிய எழுத்தில்
பெரியது சிறியது என்று கிடையாது.
தலைப்பு என்றால் மட்டும்
மேலே எட்டுவதையும் கீழே தொங்குவதையும்
ஒரே உயரத்துக்கு நிமிர்த்தி நிறுத்துவோம்.
புது அப்டேட் அந்த நிமிர்ந்தவர்களைக் கூப்பிட்டிருக்கிறது.
ஸ்வியாத் போட்ட எழுத்துருவில்
அவர்கள் பிறக்கவே இல்லை.

இது எனக்குப் புரிந்தது இரவில்.
காலையில் தெரிந்தது இவ்வளவுதான்:
போத்திக்கு நாலு கட்டம்.
ஜ்வாரிக்கு ஐந்து.
குத்தாயிசிக்கு ஏழு.
மெஸ்தியா ஆறு, பத்தூமியும் ஆறு.
ஒன்று பனிமலை, ஒன்று கடல்,
இரண்டுக்கும் எட்டரைக்கு வண்டி.

வேறு நாளாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.
மெஸ்தியா டிரைவர் கோச்சாவின் தொண்டை
எந்தப் பலகையையும் விடப் பெரியது.
அன்று பார்த்து அவருக்குச் சளி.
கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு
மெஸ்தியா, மெஸ்தியா என்று
காகிதம் கசங்குகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மேஜைக்கு அடியில் கேபிளோடு இருந்தேன்.
பனிக்குப் போடும் பூட்ஸ் இரண்டு வந்து நின்றன.
பக்கத்தில் ஒரு கூடை வால்நட்.
ஒன்று, இரண்டு என்று
யாரோ மெல்ல எண்ணுவது கேட்டது.
ஆறு.
சரியாக எண்ணி
தப்பான வண்டியில் ஏறி
தூங்கிப்போனார் லமாரா.

நாலு மணிக்கு நிலையத்துக்குப் போன் வந்தது.
திட்டுவார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன்.
"இங்கே கடல் இருக்கிறதே, அம்மா" என்றார்.

இரவு ஷட்டரை இறக்கிவிட்டு
டெர்மினலைத் திறந்தேன்.
பாஸ்வேர்ட் அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை,
விரலைத்தான் நம்ப வேண்டும்.
புது எழுத்துருவை இறக்கி
பெயருக்கு முன் புள்ளி வைத்து ஒளிந்திருக்கும்
கோப்புறைக்குள் போட்டேன்.
பட்டியலைப் புதுப்பி என்றேன்.
பேசாமல் அடுத்த வரிக்குப் போனது.
இது கோபமா சம்மதமா என்று
ஸ்வியாத்தைப் போனில் கேட்டேன்.
"சம்மதம். கோபம் வந்தால் பக்கம் பக்கமாகப் பேசும்."
அவனுக்குப் பின்னால் கன்வேயர் ஓடியது.

கட்டங்கள் அப்படியே.
அணைத்துப் போடு, என்றான். போட்டேன்.
திரை முழுக்கக் கறுப்பு,
இடது மூலையில் ஒரு சின்னக் கோடு
விட்டு விட்டுத் துடித்தது.
அங்கே மணி அடித்தது. அவன் போய்விட்டான்.

பன்னிரண்டுக்குக் கேபிளைப் பிடுங்கி
லேப்டாப்பைத் தனியாக எழுப்பி
பிறகு மாட்டினேன்.
எழுத்து வந்தது!
ஆனால் டிவி ஓரங்களைத் தின்றிருந்தது.
முதல் எழுத்தெல்லாம் சுவருக்குள்.
எஸ்தியா. அத்தூமி. உத்தாயிசி.
பல் போன வாய்போல் வாசித்து
தனியாகச் சிரித்தேன்.
படத்தைச் சுருக்கும் பொத்தான்
ரிமோட்டின் எட்டாவது மெனுவில் கிடைத்தபோது
மணி இரண்டே கால்.

காலையில் பத்தூமி வண்டியிலிருந்து
அதே பூட்ஸ் இறங்கியது,
தையல் முழுக்க மணல்.
கூடை பாதியாகியிருந்தது.
மலையில் ஞானஸ்நானம் நேற்றே முடிந்துவிட்டது,
இருந்தாலும் போக வேண்டும் என்றார்.
பலகையை நிமிர்ந்து பார்த்தார்.
மெஸ்தியா.
வாய்விட்டு வாசித்தார்.
பிறகு விரலை நீட்டி
ஒருமுறை எண்ணியும் பார்த்தார்.

கோச்சாவுக்குத் தொண்டை இன்னும் திறக்கவில்லை.
முன் சீட்டைத் தட்டிக் காட்டினார்.